ராமோன்ஸ்: விலக்கியதால் உருவான இசை

ராமோன்ஸ் (1974–1996) அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த ராக் இசைக்குழு. பங்க் ராக் என்னும் இசைவகையின் முன்னோடிகளுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. 22 ஆண்டுகளில் 14 ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டது, 2263 கச்சேரிகளை நிகழ்த்தியது. அந்தக் காலம் முழுவதிலும் இக்குழுவின் ஓர் ஆல்பமோ தனிப்பாடலோ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை.

விற்பனையில் தோற்ற ஒரு குழு அடுத்த தலைமுறையின் ராக் இசையை மாற்றியது எப்படி என்பதே ராமோன்ஸின் வரலாறு எழுப்பும் கேள்வி. சரியாக வாசிக்கத் தெரியாத நால்வர் துணிந்து மேடையேறினர், அதைப் பார்த்த மற்றவர்களும் துணிந்தனர் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அவர்களின் பதிவுகளைக் கூர்ந்து கேட்பவருக்கு இந்த விடை போதாது. ராமோன்ஸின் எளிமை தெரிந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, கடுமையான ஒழுங்கினால் காக்கப்பட்டது. அதன் பெருமை, எல்லை இரண்டும் அந்த ஒழுங்கிலிருந்தே வருகின்றன.

தோற்றம்

குழுவின் தொடக்க உறுப்பினர்கள் நால்வரும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்னும் நடுத்தர வர்க்கக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பாடகர் ஜோயியின் இயற்பெயர் ஜெஃப்ரி ஹைமன். கிட்டார் வாசித்த ஜானி, ஜான் கம்மிங்ஸ். பேஸ் கிட்டார் வாசித்த டீ டீ, டக்ளஸ் கால்வின். டிரம்ஸ் வாசித்த டாமி, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த தாமஸ் எர்டெலி.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தொடக்க காலத்தில் 'பால் ராமோன்' என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். அதிலிருந்து டீ டீ எடுத்த பெயரை நால்வரும் குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டனர். தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், கான்வாஸ் காலணி, நெற்றியை மூடும் முடி என்ற ஒரே தோற்றத்தையும் மேற்கொண்டனர். உறவில்லாத நால்வர் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல மேடையில் நின்றனர். பின்னர் வந்து சேர்ந்தவர்களும் இதே பெயரையும் உடையையும் ஏற்றனர். குழுவின் அடையாளம் தனி ஆளிடம் தங்கியிருக்கக் கூடாது என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததை இது காட்டுகிறது.

அனுபவமற்றவர்களின் கூட்டம் என்ற கதைக்கு டாமியே முதல் மறுப்பு. அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவிப் பொறியாளராகப் பணியாற்றியவர். குழுவின் மேலாளராக இருக்கவே அவர் முதலில் எண்ணினார். அப்போது ஜோயி டிரம்ஸ் வாசித்தார், டீ டீ பாடினார். வேகம் கூடக் கூட ஜோயியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் பாடகரானார். டிரம்ஸ் வாசிக்க வந்தவர்கள் எவரும் அலங்காரமில்லாத தாளத்தை வாசிக்க இசையாததால், தமக்கு வேண்டியது இதுதான் என்று உட்கார்ந்து காட்டிய டாமியே டிரம்ஸ் கலைஞராக நிலைத்தார்.

1974 ஆகஸ்டில் மன்ஹாட்டனின் பவரி தெருவில் இருந்த சி.பி.ஜி.பி. என்னும் மதுக்கூடத்தில் குழு முதன்முறையாக வாசித்தது. நாட்டுப்புற இசைக்கும் ப்ளூஸுக்கும் என்று ஹில்லி கிறிஸ்டல் தொடங்கிய அந்த இடம், டெலிவிஷன், பேட்டி ஸ்மித், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் ஆகியோரின் மேடையாகவும் மாறியது. இவர்களின் இசை ஒன்றுக்கொன்று ஒத்ததல்ல. பின்னாளில் 'பங்க்' என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும் ஓசை பெரும்பாலும் ராமோன்ஸின் ஓசையே.

முதல் ஆல்பம்

1970களின் நடுப்பகுதியில் ராக் இசை பெரிய அரங்குகளையும் நீண்ட பாடல்களையும் நோக்கிச் சென்றிருந்தது. பிரிட்டனின் 'யெஸ்' குழு 1973இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தில் ஏறத்தாழ 80 நிமிடங்களுக்கு நான்கே பாடல்கள். 1976 ஏப்ரலில் சையர் நிறுவனம் வெளியிட்ட 'ராமோன்ஸ்' என்னும் முதல் ஆல்பத்தில் 29 நிமிடங்களுக்கு 14 பாடல்கள். ஒரு பாடலும் மூன்று நிமிடத்தை எட்டவில்லை. பதிவுச் செலவு சுமார் 6400 டாலர். அமெரிக்கப் பட்டியலில் அது எட்டிய உயர்ந்த இடம் 111.

கிரெய்க் லியோன் தயாரித்து டாமி துணை செய்த இந்தப் பதிவில், 1960களின் பீட்டில்ஸ் பதிவுகளைப் போல, பேஸ் ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் கிட்டார் மறுபக்க ஒலிபெருக்கியிலும் பிரித்து வைக்கப்பட்டன. இதற்கு எவரும் திட்டமிடாத ஒரு பயன் இருந்தது. ஒரு பக்க ஒலியை அடைத்துவிட்டால் மறுபக்கக் கருவி மட்டும் தெளிவாகக் கேட்கும். கற்க விரும்பியவர் அதனுடன் சேர்ந்து வாசிக்கலாம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸ் இந்த ஆல்பத்துடன் வாசித்தே பேஸ் பழகினார் என்று சொல்லப்படுவதுண்டு. விற்பனையில் தோற்ற இசைத்தட்டு ஒரு பாடப்புத்தகமாகப் பயன்பட்டது.

இசைமுறை

ராமோன்ஸின் இசைமுறையை அவர்கள் விலக்கியவற்றைக் கொண்டே விளக்கலாம். நீண்ட கிட்டார் தனிவாசிப்பு இல்லை. டிரம்ஸ் தனிவாசிப்பு இல்லை. பாடல்களுக்கு இடையே பேச்சு இல்லை. ராக் இசையில் தங்களுக்குப் பிடிக்காதவற்றை நீக்கிவிட்டு மிஞ்சியதை வாசித்ததாக ஜானி பின்னாளில் விளக்கினார்.

மிஞ்சியது எளிதானதல்ல. கிட்டார் கலைஞர்கள் வேகமாக வாசிக்கும்போது தந்திகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மாறி மாறி மீட்டுவது வழக்கம். கைக்கு அது பாதி வேலை. ஜானி எல்லா மீட்டல்களையும் மேலிருந்து கீழாகவே செய்தார். கீழ்நோக்கிய மீட்டலில் தடித்த தந்திகள் முதலில் அதிர்வதால் ஒவ்வோர் அடியும் ஒரே கனத்துடன் ஒலிக்கும். இடைவெளியற்ற சுவர் போன்ற அந்த ஓசை இவ்வாறு பிறந்தது. அந்த வேகத்தில் ஒரு கச்சேரி முழுவதும் மணிக்கட்டு தளராமல் இப்படி மீட்டுவது கடும் உழைப்பு. 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் பதிவான 'இட்ஸ் அலைவ்' ஆல்பத்தில் 28 பாடல்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிகின்றன. டீ டீ நான்கு வரை எண்ணுகிறார், பாடல் தொடங்குகிறது. முடிந்த கணத்தில் அடுத்த எண்ணிக்கை. வாசிக்கத் தெரியாதவர்களால் இதைச் செய்ய முடியாது.

இந்தச் சுவரின் மேல் ஜோயியின் குரல் வேறொரு வேகத்தில் நகர்கிறது. கார்டுகள் விரைய, மெட்டு நிதானமாக நீள்கிறது. அந்த மெட்டு ரோனெட்ஸ், ஷாங்ரி-லாஸ் முதலிய 1960களின் பெண்கள் குழுக்களிடமிருந்தும் பீச் பாய்ஸிடமிருந்தும் வந்தது. இரைச்சலின் அடியில் காதல் பாட்டு ஒன்று இருப்பதால்தான் ராமோன்ஸின் பாடல்கள் ஒருமுறை கேட்டதும் மனதில் தங்குகின்றன. அவர்களைப் பின்பற்றியவர்களில் பலர் வேகத்தை எடுத்துக்கொண்டு மெட்டை விட்டுவிட்டனர். போலிகளுக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான்.

நீக்கியவற்றுள் ப்ளூஸ் இசையையும் ஜானி குறிப்பிட்டார் என்பது தனியே நோக்கத்தக்கது. ராக் இசையின் வேர் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸில் இருக்கிறது. அதை நீக்கியதாகப் பெருமை கொள்வதில் ஒரு மறதி உள்ளது. ஜோயி நேசித்த பெண்கள் குழுக்களின் மெட்டுகளும் பெருமளவில் கறுப்பினப் பாடகிகளின் குரலில் வளர்ந்தவை. ராமோன்ஸ் ஒரு கதவை அடைத்தது, மற்றொன்று திறந்தே இருந்தது. அவர்களின் 1978ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட 'பேட் பிரெய்ன்ஸ்', வாஷிங்டனைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களின் குழு. அது பங்க் இசையை இன்னும் வேகமாக்கியது, ரெகேவையும் அருகில் வைத்து வாசித்தது. விலக்கப்பட்டவர்கள் அந்த வடிவத்தை எடுத்துத் தமதாக்கினர்.

பாடல்களின் உலகம்

ராமோன்ஸ் பாடல்களின் பொருள் புறநகர் இளைஞர்களின் சலிப்பு, மலிவான திகில் படங்கள், போதை, மனநோய், கடற்கரை, காதல். கேலிச்சித்திரத் தன்மை கொண்ட இப்பாடல்களை விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் ஜோயி இளமையில் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். டீ டீ நீண்ட காலம் ஹெராயின் பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்தவர். 'ஃபிஃப்டி தேர்ட் அண்ட் தேர்ட்' என்ற டீ டீயின் பாடல், ஆண்கள் தம் உடலை விற்க நின்ற ஒரு நியூயார்க் தெருமுனையைப் பற்றியது. துன்பத்தைப் புலம்பாமல் நகைச்சுவையின் முகத்தோடு சொல்லும் முறை இவர்களுடையது. அதனாலேயே அந்தத் துன்பம் பலர் காதில் விழவில்லை.

முதல் ஆல்பத்தில் நாஜி ஜெர்மனியைக் குறிக்கும் சொற்களும் வருகின்றன. 'டுடே யுவர் லவ், டுமாரோ த வேர்ல்ட்' பாடலின் வரிகளுக்கு சையர் நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் மறுப்புத் தெரிவித்ததால் சில சொற்கள் மாற்றப்பட்டன. இதை வெறுப்பரசியல் என்று கொள்வது பொருந்தாது. ஜோயி யூதர். டாமியின் பெற்றோர் நாஜி இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள். டீ டீ அமெரிக்கப் படைவீரரின் மகனாக ஜெர்மனியில் வளர்ந்தவர், போர் முடிந்தபின் கிடந்த பொருள்களைச் சேகரித்து விளையாடியவர். அப்பாடலின் நாயகன் கேலிக்குரியவனாகவே தெரிகிறான். எனினும் கேலி செய்பவர் யார் என்பது இசைத்தட்டின் மேலுறையில் எழுதியிருப்பதில்லை. சொல்பவரின் பின்னணி தெரியாத கேட்போருக்கு அச்சொற்கள் வெறும் அதிர்ச்சியாகவோ அனுமதியாகவோ போய்ச் சேரக்கூடும். இந்தப் பொறுப்பைப் பற்றி முதல் ஆல்பம் கவலைப்படவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் குழு இதே இடத்துக்கு வேறு விதமாகத் திரும்ப வேண்டியிருந்தது.

லண்டன், 1976 ஜூலை

1976 ஜூலை 4 அன்று லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ராமோன்ஸ் வாசித்தது. பிரிட்டிஷ் பங்க் அந்த இரவில் பிறந்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. தேதிகள் இதற்கு முழுமையாக உடன்படுவதில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1975 நவம்பரிலேயே முதல் கச்சேரியை நிகழ்த்தியிருந்தது. ரவுண்ட்ஹவுஸ் கச்சேரி நடந்த அதே நாளில் ஷெஃபீல்ட் நகரில் செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு முன்பாக 'த கிளாஷ்' தன் முதல் கச்சேரியை வாசித்தது. எனவே இவ்விரு குழுக்களும் அந்த மேடையைப் பார்த்துத் தோன்றியவை அல்ல.

தொலைவில் வேறு சான்றுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 'த செயின்ட்ஸ்' குழு தன் வழியில் இதையொத்த ஓசையை எட்டி, 1976 செப்டம்பரில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. இக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் டெட்ராய்ட்டின் ஸ்டூஜஸும் எம்.சி.5 குழுவும் இருந்தன. பங்க் ஒரே ஊரில் ஒரே நாளில் பிறந்ததல்ல.

ராமோன்ஸின் பங்கு வேறு வகையானது. மறுநாள் டிங்வால்ஸ் அரங்கில் நடந்த கச்சேரியும் சேர்ந்து, லண்டனில் ஏற்கெனவே கருவிகளை எடுத்திருந்த இளைஞர்களுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. பாடல் எவ்வளவு வேகமாக இருக்கலாம், எவ்வளவு குறுகலாம், எதையெல்லாம் விடலாம் என்பதை அவர்கள் நேரில் கேட்டனர். அதன்பின் வந்த பிரிட்டிஷ் குழுக்களின் வேகம் கூடியதைப் பதிவுகளில் காணலாம். பிரிட்டிஷ் இளைஞர்கள் அதில் சேர்த்தது அரசியல். வேலையின்மையும் வர்க்கக் கோபமும் கிளாஷின் பாடல்களில் நேரடியாகப் பேசின. ராமோன்ஸிடம் அந்தப் பேச்சு அரிது.

வெற்றியைத் தேடிய ஆண்டுகள்

1977இல் 'லீவ் ஹோம்', 'ராக்கெட் டு ரஷ்யா' ஆகிய இரு ஆல்பங்கள் வந்தன. இரண்டாவது, முதல் ஆல்பத்தின் இறுக்கத்தையும் கூடுதலான மெட்டழகையும் சேர்த்துக் கொண்டது. குழுவின் மிகச் சிறந்த ஆக்கம் இதுவே எனலாம். ஆனால் செக்ஸ் பிஸ்டல்ஸைச் சுற்றிய பரபரப்பால் பங்க் என்ற சொல்லே வானொலி நிலையங்களுக்கு அச்சமூட்டுவதாக மாறியிருந்தது. அந்த ஆல்பத்தின் 'ராக்கவே பீச்' பாடல் அமெரிக்கப் பட்டியலில் எட்டிய 66ஆம் இடமே குழுவின் தனிப்பாடல்களில் உயர்ந்தது. 1978இல் டாமி விலகித் தயாரிப்புப் பணியில் மட்டும் இருந்தார். மார்க் பெல், மார்க்கி ராமோன் என்ற பெயரில் டிரம்ஸுக்கு வந்தார்.

வெற்றிப்பாடல் ஒன்றை நாடி, ரோனெட்ஸின் பதிவுகளை உருவாக்கிய ஃபில் ஸ்பெக்டரிடம் 'எண்ட் ஆஃப் த செஞ்சுரி' (1980) ஒப்படைக்கப்பட்டது. ஸ்பெக்டர் அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்ப்பவர், ராமோன்ஸ் நீக்குபவர்கள். ஒரே கார்டை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப மீட்டச் சொன்னதை ஜானி கசப்புடன் நினைவுகூர்ந்தார். அமெரிக்கப் பட்டியலில் குழு தொட்ட உச்சமான 44ஆம் இடம் இந்த ஆல்பத்துக்குரியது. ரோனெட்ஸின் 'பேபி, ஐ லவ் யூ' பாடலின் மறுபதிவு பிரிட்டனில் 8ஆம் இடம் பெற்றது. அதில் ஒலிப்பது வயலின்களும் ஜோயியின் குரலும்தான், ராமோன்ஸ் என்ற குழு அதில் இல்லை. வெற்றிக்காகத் தன் ஒழுங்கைத் தளர்த்தியபோது குழு எதை இழந்தது என்பதற்கு இப்பாடலே சான்று.

1980களில் தயாரிப்பாளர்கள் மாறினர், டிரம்ஸ் கலைஞர்கள் மாறினர். ஜோயியின் காதலியாக இருந்தவர் ஜானியுடன் இணைந்தபின் இருவரும் பேசிக்கொள்வது நின்றது. ஒரே வேனில் ஊர் ஊராகப் பயணம் செய்து, ஒரே மேடையில் ஆண்டுதோறும் வாசித்து, பேசாமலே இருந்தனர். 2263 என்ற எண்ணைப் பின்னணியோடு பார்த்தால் அது இசை வெறியின் அளவாக மட்டும் தெரியாது. ஆல்பங்கள் விற்காத குழு வயிறு பிழைக்க வாசித்த கச்சேரிகளின் எண்ணிக்கையும் அதுவே.

பிட்பர்க் பாடல்

1985 மே மாதத்தில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் மேற்கு ஜெர்மனியின் பிட்பர்க் நகரில் உள்ள படைவீரர் கல்லறைக்குச் சென்று மரியாதை செலுத்தினார். நாஜி எஸ்.எஸ். படையினரும் அங்கே புதைக்கப்பட்டிருந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜோயி, டீ டீ, இசைக்கலைஞர் ஜான் போவ்வார் மூவரும் இதைக் கண்டித்து 'பான்சோ கோஸ் டு பிட்பர்க்' என்ற பாடலை எழுதினர். ரீகன் ஒரு சிம்பன்சியுடன் நடித்த பழைய திரைப்படத்தைத் தலைப்பு நினைவூட்டுகிறது.

ரீகனின் ஆதரவாளரான ஜானி அந்தத் தலைப்பை எதிர்த்தார். 1986இல் 'அனிமல் பாய்' ஆல்பத்தில் பாடல் சேர்ந்தபோது வேறு தலைப்பே முன்னே நின்றது. யூதரான ஜோயி இப்பாடலில் முகமூடியைக் கழற்றிவிட்டு நேராகப் பேசுகிறார். முதல் ஆல்பத்தின் கேலி விட்டுச்சென்ற கேள்விக்கு இப்பாடல் விடை சொல்கிறது. கேலிக்கும் ஓர் எல்லை உண்டு, கல்லறையின் முன் அந்த எல்லை வந்துவிடுகிறது. குழுவின் பிற்காலப் படைப்புகளில் தனித்து நிற்பது இதுவே.

செல்வாக்கு

1989இல் டீ டீ விலகினார், சி.ஜே. ராமோன் வந்தார். டீ டீ தொடர்ந்து பாடல்கள் எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் சிறிய அரங்குகளில் வாசித்த குழு அர்ஜென்டினாவில் நட்சத்திரமாகக் கொண்டாடப்பட்டது. 1996 மார்ச்சில் புவெனஸ் ஐரிஸின் ரிவர் பிளேட் கால்பந்து மைதானத்தில் வாசித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கடைசிக் கச்சேரி நடந்தது.

ராமோன்ஸின் செல்வாக்கு பங்க் இசைக்குள் அடங்கியதல்ல. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கீழ்நோக்கி மீட்டும் முறையை ஜானியிடம் கற்றதாகக் கூறியிருக்கிறார். அந்த மணிக்கட்டு அசைவு ஹெவி மெட்டலின் ஓசையில் கலந்தது. மோட்டர்ஹெட் குழு ராமோன்ஸைப் பற்றியே ஒரு பாடல் வெளியிட்டது. ஜப்பானின் ஒசாகாவில் 1981இல் தொடங்கிய ஷோனென் நைஃப் என்ற பெண்கள் குழு 2011இல் ராமோன்ஸ் பாடல்களை மட்டுமே கொண்ட ஆல்பம் தந்தது. கலிஃபோர்னியாவின் கிரீன் டே குழு 1994இல் வெளியிட்ட 'டூக்கி' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ராமோன்ஸின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றிதழைப் பெற்றது 2014இல், வெளியாகி 38 ஆண்டுகளுக்குப் பிறகு. அப்போது ஜோயி (2001), டீ டீ (2002), ஜானி (2004) மூவரும் காலமாகியிருந்தனர். எஞ்சியிருந்த டாமியும் அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார்.

சின்னமும் இசையும்

அர்துரோ வேகா வடிவமைத்த குழுவின் சின்னம் அமெரிக்க அதிபரின் முத்திரையைத் தழுவியது. அதன் கழுகு ஒரு காலில் ஆப்பிள் கிளையையும் மறுகாலில் பேஸ்பால் மட்டையையும் பற்றியிருக்கும். இச்சின்னம் பொறித்த பனியன்களின் விற்பனை, இயங்கிய காலத்திலேயே குழுவைத் தாங்கிய வருவாய்களுள் ஒன்று. இன்று ஒரு பாடலும் கேட்டிராதவர்களும் உலகெங்கும் அதை அணிகின்றனர். இதை வணிகச் சீரழிவு என்று பழிப்பது எளிது. ஆனால் தனி ஆள்களை மறைத்து ஒரே பெயரும் ஒரே உடையுமாக நின்ற குழுவின் வடிவமைப்பிலேயே இதற்கான விதை இருந்தது. யாரும் அணியக்கூடியதாக அமைந்த அடையாளத்தை எல்லோரும் அணிந்துகொண்டனர்.

மதிப்பீடு

பங்க் ராக்கைத் தனியாகக் கண்டுபிடித்த குழு என்று ராமோன்ஸைச் சொல்ல முடியாது. அதன் இலக்கணத்தை முதன்முதலில் முழுமையாக வரையறுத்த குழு என்று சொல்லலாம். முதல் மூன்று ஆல்பங்களில் அந்த இலக்கணம் நிறைவுற்றது. பின்வந்த ஆல்பங்களில் நல்ல பாடல்கள் உண்டு, புதிய விதி இல்லை. கிளாஷ் தன் வடிவத்தைத் தானே உடைத்து ரெகேவுக்கும் பிற இசைகளுக்கும் சென்றதைப் போல ராமோன்ஸ் செல்லவில்லை. ஜானியின் ஒழுங்கு குழுவைக் கலையாமல் காத்தது, வளரவும் விடவில்லை.

ஆனால் குறுகிய இலக்கணத்துக்கு ஒரு வலிமை உண்டு, அதைப் பிறர் எளிதில் கற்கலாம். மூன்று கார்டுகள், இரண்டு நிமிடம், ஒரு மெட்டு என்ற அளவை மனதில் வாங்கிய இளைஞர்கள் ஒசாகாவிலும் வாஷிங்டனிலும் புவெனஸ் ஐரிஸிலும் தம் சொந்தச் செய்தியை அதில் ஏற்றினர். சொல்ல விரும்பியும் ராமோன்ஸ் சொல்லாமல் விட்டவற்றைப் பின்வந்தவர்கள் அதே வடிவத்தில் சொன்னார்கள். ஒரு குழுவின் இசை அதன் எல்லையைத் தாண்டிப் பிறரிடம் வளர்வதற்கு ராக் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.